ஒன்றரை கிரவுண்டுக்குள் ஒரு டப்பா

ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் எண்களைக் கொண்டு மற்றவர்கள் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டின் முதல் டப்பாவை அதே மாதிரி இன்று யாராவது வைக்கப் பார்த்தால் அனுமதி கிடைக்காது. 2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் பீவர்க்ரீக்கில், டேவ் அல்மர் என்ற கணினி ஆலோசகர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தார். உள்ளே புத்தகம், வீடியோ, மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். கூடவே பெயர் எழுதிவிட்டுப் போக ஒரு நோட்டும் பென்சிலும். இன்றைய விதிப்படி நிலத்துக்காரர் வெளிப்படையாக அனுமதிக்காமல் குழி தோண்டக் கூடாது. தின்கிற பொருள் வைக்கக் கூடாது, மோப்பம் பிடித்து விலங்குகள் வரும். ஆக, மூலவரே விதிமீறல்.

அந்த வாளிக்கு இரண்டு நாள் முன்புவரை பொதுமக்கள் கையில் இருந்த ஜிபிஎஸ் அரைகுறைக் கருவிதான். ராணுவக் காரணங்களுக்காக அமெரிக்க அரசு சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மே 1 அன்று அதிபர் பில் கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்துவதாக அறிவித்தார். ஒரே இரவில் துல்லியம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடியது. அல்மருக்கு எழுந்த சந்தேகம் எளிமையானது. நான் ஓரிடத்தின் எண்களை மட்டும் சொல்கிறேன், முன்பின் தெரியாத ஒருவர் அதை வைத்துக்கொண்டு இந்த வாளிக்கே வந்து சேர்வாரா? ஜிபிஎஸ் பித்தர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் எண்களைப் போட்டார். மூன்று நாளுக்குள் இருவர் வந்து சேர்ந்தார்கள்.

அதாவது இது பிறந்தது ஒரு கருவிப் பரிசோதனையாக. பீவர்க்ரீக்கைப் பார்க்க யாரும் அங்கே போகவில்லை. கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கப் போனார்கள். இதை ஓர் ஓரமாக வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

அந்த மாதம் முடிவதற்குள் மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேச்சிங் என்ற பெயரைச் சூட்டினார். செப்டம்பர் 2 அன்று சியாட்டிலைச் சேர்ந்த ஜெரமி ஐரிஷ் இதற்கென்று தனித் தளம் தொடங்கியபோது கணக்கில் இருந்தவை 75 டப்பாக்கள். இன்று முப்பது லட்சத்துக்கும் மேல். விளையாட்டை விற்பவர்கள் சொல்வது இது: வெளியே வாருங்கள், இடங்களைக் கண்டுபிடியுங்கள், பிள்ளைகளைத் திரையிலிருந்து பிரித்தெடுங்கள், கூடவே ஜாலி. ஜாலி உண்டா என்ற கேள்விக்கு விவாதமே வேண்டாம், உண்டு. கண்ணாமூச்சி ஆடாத பிள்ளை எந்த ஊரிலும் இல்லை. எனக்குச் சந்தேகம் அந்தக் 'கண்டுபிடியுங்கள்' மேல்தான். டப்பாவைக் கண்டுபிடிக்கிறவர் இடத்தைக் கண்டுபிடிக்கிறாரா?

தங்கை வீடு சியாட்டிலுக்குக் கிழக்கே இஸ்ஸகுவாவில். இரண்டு வருடம் முன்பு ஒரு மார்ச் மாதம் போயிருந்தேன். அவள் மகள் கயலுக்குப் பதினோரு வயது, இந்த விளையாட்டில் எனக்குக் குரு. வீட்டுக்குப் பின்னாலேயே டைகர் மலைக் காடு தொடங்குகிறது. மழை பெய்கிறதா இல்லையா என்றே தெரியாத மழை. சட்டை நனையாது, ஆனால் எல்லாம் ஈரம். கையில் என் ஃபோன். அம்புக்குறி காட்டியபடி அரை மணி நேரம் நடந்தோம். ஓரிடத்தில் அம்பு பைத்தியம் பிடித்ததுபோல் சுற்ற ஆரம்பித்தது.

"மாமா, இனிமே ஃபோன் வேண்டாம். உள்ள போடுங்க."

"ஏம்மா, இன்னும் இருபது அடின்னு காட்டுதே?"

"அது சும்மா சொல்லும். கண்ணால பாருங்க. இங்க எது ஒழுங்கா இருக்கோ அதுதான்."

அவள் சொன்னதில் கணக்கு இருக்கிறது. இந்த விளையாட்டில் இடத்தைப் பாகை, கலை, கலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எழுதுகிறார்கள். அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர் நகர்கிறோம். காகிதத்தில் நல்ல துல்லியம்தான். ஆனால் ஃபோன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் வரை பிசகும். தலைக்கு மேல் ஈரமான ஊசியிலைக் கூரை இருந்தால் சிக்னல் மரத்தில் பட்டுத் தெறித்து இன்னும் குழம்பும். டப்பா வைத்தவரின் கருவிக்கும் இதே கோளாறு உண்டு. அவர் பிழையும் நம் பிழையும் சேர்ந்துகொள்ளும். பத்து மீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டால் முந்நூற்றுப் பதினாலு சதுர மீட்டர், நம் கணக்கில் ஒன்றரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நம்மை அந்த ஒன்றரை கிரவுண்டின் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன. மிச்சத்துக்கு நம் கண்தான்.

இந்த விளையாட்டின் உண்மையான சாதனை இந்தக் கடைசிப் பத்து மீட்டர்தான் என்று நினைக்கிறேன். அல்மர் எதைச் சோதிக்கப் போனாரோ அந்தக் கருவி தோற்கும் இடத்தில்தான் விளையாட்டே தொடங்குகிறது. 2016இல் வந்த போகிமான் கோவும் ஆட்களைத் தெருவுக்கு இழுத்தது, ஆனால் அங்கே பிடிக்க வேண்டிய பிராணி கடைசி நொடிவரை திரைக்குள்தான் இருக்கிறது. இங்கே கடைசி நொடியில் திரை உதவாது.

எதைப் பார்ப்பது? காட்டில் குச்சிகள் ஒன்றுக்கொன்று இணையாக விழுவதில்லை. பாசி படிந்த கல்லுக்குப் பக்கத்தில் பாசியே இல்லாத கல் தானாக வந்து உட்காராது. ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிக்க, ஒளிக்காதது எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பத்து நிமிடம் நான் அந்தக் காட்டைப் பார்த்ததுபோல் எந்தக் காட்டையும் பார்த்ததில்லை. விழுந்து மட்கிக் கிடக்கும் பெருமரத்தின் முதுகில் வரிசையாக இளங்கன்றுகள். இடுப்புயரப் பெரணி. நடுவே ஆளுயரத்துக்கும் மேலாக, நாலு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் அடங்காத ஒரு பழைய அடிமரம். அதன் இரு பக்கமும் கண் மாதிரி இரண்டு பள்ளம்.

அந்தப் பள்ளம் என்னவென்று டப்பா வைத்தவர் தன் குறிப்பில் எழுதியிருந்தார். நூறு வருடத்துக்கு முன் இங்கே மரம் வெட்ட வந்தவர்களுக்கு ஒரு சிக்கல். இந்த மரங்களின் அடி யானைக்கால் மாதிரி விரிந்திருக்கும், பிசினும் அதிகம், அங்கே ரம்பம் போட முடியாது. அதனால் தண்டில் பள்ளம் வெட்டி, பலகையைச் செருகி, அந்தப் பலகை மேல் அந்தரத்தில் நின்று இரண்டு பேர் ரம்பம் இழுத்திருக்கிறார்கள். மரம் போய்விட்டது, பலகை வாய் மட்டும் நிற்கிறது. அதன் பின்பக்கத்தில், அடுக்கி வைத்த மூன்று பட்டைத் துண்டுகளுக்குக் கீழே, ராணுவத்தில் தோட்டா வைக்கிற பச்சைத் தகரப் பெட்டி. கயல்தான் எடுத்தாள். திறந்தால் ஒரு பிளாஸ்டிக் டைனோசர், சாவி வளையம், கோலிக்குண்டு, ஜிப் வைத்த பைக்குள் நோட்டு. பேனா ஈரத்தில் எழுதாது என்பதால் இருபத்தைந்து வருடமாகப் பென்சில்தான் மரபு. எடுத்தால் அதே மதிப்புக்கு ஏதாவது வைக்க வேண்டும். அவள் கோலியை எடுத்துக்கொண்டு என் பையில் கிடந்த ஐந்து ரூபாய் நாணயத்தை வாங்கிப் போட்டாள். செலாவணி விகிதம் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த மலையில் அதற்கு முன் நான்கு முறை நடந்திருக்கிறேன். அந்த அடிமரத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

எனக்கு அதைக் காட்டியது யார் என்று கேட்டுப் பார்க்கிறேன். ஜிபிஎஸ் அல்ல. நானும் அல்ல, நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த மலையை அறிந்த ஒருவர், இந்த அடிமரத்தை ஒரு அந்நியன் பார்க்காமல் போகக் கூடாது என்று நினைத்து, அவனை வரவழைக்கத் தூண்டில் மாதிரி ஒரு தகரப் பெட்டியை வைத்திருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது, புனைபெயர் மட்டும்தான். அவர் செய்தது வழிகாட்டி வேலை.

இந்த விளையாட்டுக்கு அல்மரைவிட மூத்த ஒரு முன்னோர் உண்டு. அவர் தொழிலே வழிகாட்டி. இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டல்வெளியில் ஜேம்ஸ் பெரட் என்பவர் பயணிகளைக் கூட்டிப் போய்க் காட்டிப் பிழைத்தவர். 1854இல் கிரான்மியர் குளம் என்ற இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். பெயர்தான் குளம், போனால் சேறும் கரியமண்ணும்தான். வழியே இல்லாத சதுப்பைக் கடந்து அவ்வளவு தூரம் வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அந்தப் பாட்டிலில் போட்டுவிட்டுப் போவார்கள். பிற்பாடு அது பெட்டியாகி, ரப்பர் முத்திரையாகி, லெட்டர்பாக்சிங் என்ற பொழுதுபோக்காக வளர்ந்தது. இன்றும் டார்ட்மூரில் நடக்கிறது. அங்கே பாட்டில் கிடைப்பது பரிசு அல்ல, வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி. பரிசு அந்தப் பொட்டல்வெளிதான்.

ஆக ஜியோகேச்சிங்குக்குத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. ஒரு பக்கம் வழிகாட்டி, இன்னொரு பக்கம் கருவி சோதிப்பவர். எந்த டப்பாவை எடுத்தாலும் இந்த இரண்டு ரத்தத்தில் எது ஓடுகிறது என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

அன்று சாயங்காலமே தெரிந்தது. பால் வாங்கப் போன கடை வளாகத்தின் வாகன நிறுத்தத்தில் ஒரு டப்பா இருப்பதாகக் கயல் சொன்னாள். அமெரிக்காவில் நிறுத்துமிட விளக்குக் கம்பங்களின் அடியில் போல்ட்டுகளை மறைக்க ஒரு தகரப் பாவாடை மாட்டியிருக்கும். அதைத் தூக்கினால் உள்ளே பழைய ஃபிலிம் சுருள் டப்பி, அதற்குள் சுருட்டிய காகிதம். தூக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், இறக்க வேண்டும், ஒரு நிமிடம். சுற்றிலும் தார்த் தரையும் தள்ளுவண்டிகளும். இதைப் பார் என்று அங்கே எவரும் எனக்கு எதையும் காட்டவில்லை. காட்ட எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்கில் ஏற்றியபோது அடிமரத்துக்கு ஒன்று, விளக்குக் கம்பத்துக்கு ஒன்று. மொத்தம் இரண்டு.

கோளாறு இங்கேதான். டப்பா எத்தனை கடினம், பாதை எத்தனை கடினம் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை இரண்டு தரம் போடுகிறார்கள். பாதைக்கு ஒன்று என்றால் சக்கர நாற்காலியிலேயே போகலாம், ஐந்து என்றால் படகோ கயிறோ வேண்டும். நல்ல ஏற்பாடு, மனமாரப் பாராட்டலாம். ஆனால் மதிப்பெண் என்று வரும்போது ஐந்துக்கும் ஒன்றுதான், ஒன்றுக்கும் ஒன்றுதான். எண்ணிக்கை மட்டுமே முகப்பில் தெரிகிற ஆட்டத்தில் மனிதர்கள் எண்ணிக்கையைத்தான் துரத்துவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஆட்டத்தின் சட்டம் அப்படி.

துரத்தல் எங்கே போய் முடிந்தது என்று பார்க்க நெவாடா பாலைவனத்துக்குப் போக வேண்டும். வேற்றுக்கிரக நெடுஞ்சாலை என்று அரசே பெயர் வைத்த 375ஆம் எண் சாலை. இரண்டு டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர், அதாவது மைலில் பத்தில் ஒரு பங்கு, இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஒரே இடத்தில் குவியாமல் பரவட்டும் என்று போட்ட விதி. அதையே அளவுகோலாக்கி, சரியாக 161 மீட்டருக்கு ஒன்றாக, அந்தச் சாலையோரம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட டப்பிகளை வைத்துவிட்டார்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் குதித்து எடுக்க, ஒருவர் முத்திரை குத்த, வண்டி நின்று நின்று ஓடும். 24 மணி நேரத்தில் ஆயிரத்தைத் தாண்டிய குழுக்கள் உண்டு. வகுத்துப் பார்த்தால் டப்பிக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை, அதற்குள் வண்டி ஓடும் நேரமும் அடக்கம். இன்னும் வேகமாகப் போக ஒரு உத்தி: எடுத்த டப்பியைத் திரும்ப வைக்காமல், ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் வேறு டப்பியை அங்கே போட்டுவிட்டு, எடுத்ததை வண்டி ஓடும்போது எழுதி அடுத்த இடத்தில் போடுவது. ஆக எந்த டப்பி எந்த இடத்தில் இருந்தது என்பதே அழிந்துவிடுகிறது. இடத்தைத் தேடுவதற்காகத் தொடங்கிய ஆட்டத்தில் இடம் என்ற ஒன்றே மிஞ்சவில்லை. 2011இல் சாலைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மாநிலப் போக்குவரத்துத் துறை சொன்னதால் அவற்றை அகற்றினார்கள். அந்த வகைத் தொடர்கள் ஒழியவில்லை, பல ஊர்களில் புதிது புதிதாக முளைக்கின்றன.

இதற்கு மாற்று மருந்து இல்லாமல் இல்லை. 2010 கடைசியில் 'பிடித்த டப்பா' என்று ஓட்டுப் போடும் வசதியைத் தளம் கொண்டுவந்தது. கட்டணம் கட்டிய உறுப்பினர்கள் பத்து டப்பா கண்டுபிடித்தால் ஒரு ஓட்டு. எண்ணிக்கை நோய்க்கான மருந்தையும் எண்ணிக்கையைக் கொண்டுதான் வாங்க வேண்டும். சிரிப்பு வந்தாலும், மருந்து வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டு அதிகம் விழுந்த டப்பாக்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் விளக்குக் கம்பங்கள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன.

எண்ணுகிறவர்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அவர்களும் வெளியேதானே போகிறார்கள், நண்பர்களோடு பாலைவன இரவில் வண்டி ஓட்டுவது ஒரு அனுபவம் இல்லையா? கட்டாயம் அனுபவம்தான். இரயில் எண்களைக் குறித்துக்கொள்பவரும் இரயிலடியில்தான் நிற்கிறார். அதை நான் குறைவாகப் பேசவில்லை. 'வெளியைக் கண்டுபிடிக்கும் வழி' என்று அதற்குச் சீட்டு ஒட்டாதீர்கள் என்கிறேன், அவ்வளவே. புதிர் டப்பாக்கள் இன்னொரு வகை. எண்களைப் பெறவே வீட்டில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சங்கேதம் உடைக்க வேண்டும். குறுக்கெழுத்துப் பிரியர்களுக்குச் சொர்க்கம், வெளிக்காற்றுக்கு நேர்எதிர்.

விளக்குக் கம்பத்துக்கு ஒரு நிமிடம் திரும்பிப் போகிறேன். நான் தகரப் பாவாடையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டிருந்தபோது ஒரு கார் மெதுவாக வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்ட குரல் மரியாதையாகத்தான் இருந்தது. கயல் முந்திக்கொண்டு விளக்கினாள், அவள் ஆங்கிலம் அந்த ஊர் ஆங்கிலம். அவர் சிரித்துவிட்டுப் போனார். விளையாடாதவர்களை இந்த ஆட்டக்காரர்கள் 'மகிள்' என்பார்கள். ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் அறியாதவர்களுக்கு உள்ள பெயர். மகிள் கண்ணில் படாமல் எடுப்பது விளையாட்டின் சுவை. அந்தச் சுவை எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைக்காது. புறநகர் ஒன்றில் இருட்டும் நேரம் கம்பத்தடியில் தடவிக்கொண்டிருக்கும் மாநிறத்து ஆள், பக்கத்தில் குழந்தை இல்லாமல் இருந்திருந்தால்? ஒளிந்து நடப்பதை விளையாட்டாக ஆட, நம்மை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்ற தைரியம் முதலில் வேண்டும். விளையாட்டின் விளம்பரப் படங்களில் இந்தக் கவலை தென்படுவதில்லை.

கவலை ஆளைப் பற்றி மட்டுமல்ல, டப்பாவைப் பற்றியும். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிற்றூரில், ஒரு உணவகத்துக்கு வெளியே யாரோ ஒரு சின்ன டப்பாவை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தார்கள். ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் வந்து வெடிக்க வைத்து அழித்தார்கள். அது ஜியோகேச். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று ஒவ்வொரு இரயில் நிலையத்திலும் ஒலிபெருக்கி சொல்லிச் சொல்லியே வளர்ந்த நமக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் கோபம் வராது. பொது இடத்தில் மறைத்து வைத்த பெட்டி இன்றைய உலகில் அப்பாவிப் பொருள் இல்லை. ஒவ்வொரு டப்பாவையும் வெளியிடும் முன் தன்னார்வச் சரிபார்ப்பாளர் ஒருவர் பார்க்கிறார், நிலத்துக்காரர் அனுமதி வேண்டும் என்று விதியும் சொல்கிறது. ஆனால் அவர் பார்ப்பது பெரும்பாலும் வரைபடத்தையும் விண்ணப்பத்தையும்தான், கம்பத்தடியை அல்ல.

ஆபத்து வேறு வகையிலும் வரும். 2018 ஜூனில் செக் நாட்டின் பிராக் நகரில் நிலத்தடி வெள்ளக் கால்வாய்க்குள் டப்பா தேடி இறங்கியவர்களைத் திடீர் மழைநீர் அடித்துக்கொண்டு போனதில் உயிர் போயிருக்கிறது. பாதைக்கு ஐந்து என்று போட்டால் எச்சரிக்கை என்று அர்த்தம். சிலருக்கு அதுவே அழைப்பு.

இயற்கைக்கு என்ன விலை? இங்கே விமர்சகர்களும் பக்தர்களும் சரிசமமாக மிகைப்படுத்துகிறார்கள். ஒரு தகரப் பெட்டியால் காடு அழியாது. ஆனால் நூறு பேர் ஒரே அடிமரத்தைச் சுற்றித் தேடினால் பெரணி மிதிபட்டு ஒரு புதுத் தடம் விழும். நான் நின்ற இடத்திலேயே அந்தத் தடம் இருந்தது, என் செருப்பும் அதில் சேர்ந்தது. ஜெர்மனியில் பழைய சுரங்கங்களிலும் பதுங்குகுழிகளிலும் டப்பா வைக்கும் மோகம் வந்தபோது, அங்கே குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவால்கள் கலைந்தன. உறக்கம் கலைந்த வௌவால் சேமித்த கொழுப்பை வீணாகச் செலவழிக்கும். வசந்தம் வரும் வரை தாங்காது. அதனால் அந்த வகை டப்பாக்களைக் குளிர்மாதங்களில் மூடிவைக்கும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் தொடக்கத்திலேயே பெட்டிகளுக்குக் கதவடைத்தன. பின்னாளில் ஒவ்வொரு பூங்கா நிர்வாகமும் தானே முடிவெடுக்கட்டும் என்று விட்டார்கள்.

அந்தக் கதவடைப்பு ஒரு நல்ல காரியத்துக்கு வழிவிட்டது. பெட்டி வைக்க முடியாத இடத்துக்குப் பெட்டியே இல்லாத கேச். 2004 தொடக்கத்தில் அமெரிக்கப் புவியியல் கழகத்தின் துணையோடு எர்த்கேச் வந்தது, முதலாவது ஆஸ்திரேலியாவின் முரமராங் தேசியப் பூங்காவில். எண்களைப் பிடித்துப் போனால் அங்கே பாறை இருக்கும், கேள்வி இருக்கும். இந்த அடுக்குகளில் எது மூத்தது? இந்தக் கூழாங்கல் இவ்வளவு உயரத்துக்கு எப்படி வந்தது? பார்த்து, அளந்து, பதில் அனுப்பினால்தான் கணக்கில் ஏறும். தோண்டவில்லை, ஒளிக்கவில்லை, யாரும் வெடிகுண்டு என்று பயப்பட வழியில்லை. காரை விட்டு இறங்காமல் பதில் சொல்ல முடியாது. குழந்தைகளுக்குச் சற்றுச் சப்பென்று இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். எர்த்கேச் என்றாலே கயல் முகத்தில் பள்ளிக்கூடம் வந்து உட்காரும். பெட்டியைத் திறக்கும் அந்த நொடிக்கு ஈடு கிடையாது.

பெட்டியும் இடமும் சரியாகச் சேர்ந்த உதாரணம் இஸ்ஸகுவாவிலிருந்து முக்கால் மணி நேரத்தில், ஸ்னோகுவால்மி கணவாயில் இருக்கிறது. அதன் பிறப்பு விளம்பரத்தில். 2001இல் 'பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தை விற்க ஸ்டுடியோவோடு சேர்ந்து உலகில் சில இடங்களில் பெட்டி வைத்தார்கள். அதில் ஒன்று இந்தக் கணவாயில், கைவிடப்பட்ட இரயில் பாதைக்குப் பக்கத்தில். பெரும்பாலானவர்கள் கிழக்கு வாசலிலிருந்து கிளம்புகிறார்கள். மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளும் பழைய இரயில் சுரங்கத்தை நடந்தே கடந்தால்தான் மறுபக்கம் போய்த் தேட முடியும். கோடையிலும் உள்ளே குளிர், கூரையிலிருந்து நீர் சொட்டும், எதிர்வாய் தூரத்தில் ஊசித்துளை வெளிச்சமாகத் தெரியும். 2011இல் அந்தப் பெட்டி காணாமல் போனது. ஐந்து வருடம் கழித்து மறுபடி கிடைத்து, மறுபடி வைத்தார்கள். நடுவில் பெட்டி இல்லாத வருடங்களிலும் சுரங்கம் அங்கேயே இருந்தது, சைக்கிளில் வருகிறவர்கள் வந்தபடி இருந்தார்கள். விளம்பர உத்தியாகப் பிறந்த பெட்டிகூட நல்ல இடத்தில் வைத்துவிட்டால் வழிகாட்டியாகிவிடுகிறது என்பதற்கு அது சாட்சி. நல்ல நோக்கத்தோடு வைத்த பெட்டி மோசமான இடத்தில் குப்பையாகிவிடுவதற்கு என்னிடம் விளக்குக் கம்பம் சாட்சி.

பணத்தைப் பற்றி ஒரு வரி. பெட்டி ஆட்டக்காரர் காசில், இடம் பொதுநிலத்தில், சரிபார்ப்பு தன்னார்வலர் நேரத்தில். வரைபடம் மட்டும் சியாட்டில் நிறுவனம் ஒன்றின் கையில், அதன் நல்ல பகுதிகளைப் பார்க்கச் சந்தா. வணிகம் அப்படித்தான் நடக்கும் என்று விட்டுவிடலாம், ஆனால் தெரிந்துகொண்டு விளையாடுவது நல்லது.

இனி தீர்ப்பு. வெளியைக் கண்டுபிடிக்கும் வழி என்ற உரிமைகோரலைப் பொதுவாக ஏற்க முடியாது. முப்பது லட்சம் டப்பாக்களில் பெரும்பகுதி எந்த இடத்தையும் காட்டுவதில்லை, அவை கருவியையும் எண்ணிக்கையையும் மட்டும் சோதிக்கின்றன. அந்த மட்டில் இது அல்மரின் விளையாட்டு, ஜாலிக்குக் குறைவில்லை, வெளிக்கு லாபமில்லை. ஆனால் ஊரை அறிந்த ஒருவர் யோசித்து வைத்த டப்பா இருக்கும் இடத்தில் இது நான் அறிந்த எந்தச் சுற்றுலாக் கையேட்டையும் மிஞ்சுகிறது. கையேடு பார்க்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும். இது அந்த இடத்தில் பத்து நிமிடம் மண்டியிட்டுத் தேட வைக்கிறது. அங்கே பெரட் ஜெயிக்கிறார். தேடுகிறவர் எத்தனை சாமர்த்தியசாலி என்பதைப் பொறுத்தது அல்ல இது, வைத்தவர் எத்தனை அறிந்தவர் என்பதைப் பொறுத்தது. அதனால் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு நான் சொல்வது: கண்டுபிடித்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஓட்டு விழுந்ததை வடிகட்டுங்கள், வைத்தவரின் குறிப்பை முழுக்கப் படியுங்கள். குறிப்பில் இடத்தைப் பற்றி இரண்டு வாக்கியம்கூட இல்லையென்றால் அந்த டப்பாவை விட்டுவிடுங்கள். எர்த்கேச்சுகளைக் குழந்தைகளின் எதிர்ப்பையும் மீறிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் அந்தச் சுரங்கத்தை மூடிவைத்திருந்தார்கள். உள்ளே பனிக்கட்டி விழும் என்பதால் நவம்பரிலிருந்து மே வரை கதவு. அடுத்த தடவை ஜூலையில் வாருங்கள் என்று கயல் சொல்லியிருக்கிறாள். இரண்டு டார்ச், மாற்றுக்கு பேட்டரி, உள்ளே குளிரும் என்பதால் ஸ்வெட்டர். பெட்டியில் போட ஐந்து ரூபாய் வேண்டாமாம், இந்த முறை சோழி வேண்டுமாம்.